பின்னால் மாற்றிய இரண்டு டயர்கள்

கார் சுழன்று நின்றபோது அதன் முகம் கோலாலம்பூரைப் பார்த்திருந்தது. நாங்கள் கிள்ளானுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

ஓட்டியது என் மகள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அன்று சனிக்கிழமை, அரை நாள். அவள் அலுவலகத்துக்கு அருகிலேயே எனக்குக் கண் பரிசோதனை இருந்ததால் காலையில் அவளோடு போய், மதியம் அவளோடு திரும்பினேன். தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. சுபாங்கைத் தாண்டியதும் மழை கொட்டத் தொடங்கியது. முன்னால் போன கார்களின் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. மகள் பிரேக்கை மிதித்தாள். நான் ஓட்டியிருந்தாலும் அப்படித்தான் மிதித்திருப்பேன். காரின் பின்பாதி மட்டும் எங்களை விட்டுவிட்டு வேறு பக்கம் போகக் கிளம்பியது. கண்ணாடியில் தடுப்புக் கம்பி தெரிந்தது, பிறகு ஒரு பேருந்தின் விளக்கு, பிறகு மறுபடியும் கம்பி. பின்பக்கம் எதிலோ இடித்து நின்றோம்.

ஒரு மோட்டார் சைக்கிள்காரர் எங்கள் கதவுக்கு ஒரு கை தூரத்தில் காலை ஊன்றி நின்றிருந்தார். ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கண்கள் இப்போதும் எனக்குத் தூக்கத்தில் வருகின்றன.

மகளின் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை.

"அப்பா, நான் பிரேக்க ரொம்ப அமுக்கிட்டேனா?"

"இல்லம்மா."

"அமுக்கிட்டேன்பா. அந்தாளு செத்துருப்பாரு. எனக்கு ஓட்டத் தெரியல. இனிமே நான் ஓட்டவே மாட்டேன்."

அவளுக்கு நன்றாக ஓட்டத் தெரியும். கார் ஏன் சுழன்றது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, "ஒண்ணும் ஆகலல்ல, விடு" என்று மட்டும் சொன்னேன்.

யாரும் கூப்பிடாமலே பத்து நிமிடத்தில் ஓர் இழுவை லோரி வந்தது. ஓட்டி வந்தவர் நம் ஆள், முப்பது வயதிருக்கும். கொக்கியை மாட்டுவதற்காகக் குனிந்தவர், பின் சக்கரத்தை உள்ளங்கையால் தடவிவிட்டு நிமிர்ந்தார்.

"அங்கிள், பின்னாடி ரெண்டும் சுத்தமா போத்தாக். எங்கப்பா தலையில கூட இதவிட முடி இருக்கு லா."

மகள் சிரித்துவிட்டாள். மழையில் நனைந்தபடி, அழுகையும் சிரிப்புமாக. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லோரியின் முன்னிருக்கையில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். அவர் ஓட்ட, மகள் நடுவில், நான் கதவோரம்.

"அங்கிள், அந்தக் கதவு உள்ளருந்து தொறக்காது. எறங்கணும்னா சொல்லுங்க, நான் சுத்தி வந்து தொறக்கறேன். முதல்ல ஷா ஆலம் போலீசுக்குப் போயிடுவோம். ரிப்போர்ட் அடிக்கணும்ல."

பத்து தீகா சந்திப்பு வரைக்கும் சாலை அடைத்துக்கொண்டிருந்தது. லோரி ஒரு கார் நீளம் நகரும், நிற்கும். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது.

"ஆனா ஒண்ணு அங்கிள்," என்றார் அவர். "முன்னாடி டயர் ரெண்டும் நல்லா இருக்கு. பின்னாடி மட்டும் மொட்டை. தானா அப்படித் தேயாது, முன்னாடிதான் முதல்ல தேயும். யாரோ மாத்திப் போட்டிருக்காங்க. யாரு இந்த வேலையப் பாத்தது?"

"டயர் கடையில" என்றேன்.

அது பொய் இல்லை. மாற்றியது கடைக்காரர்தான். மாற்றச் சொன்னது நான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு பஞ்சருக்காக, எங்கள் பக்கத்து டயர் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் வயதான சீனர், தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவோம். முன்பக்க டயர்கள் இரண்டையும் காட்டி, இது முடிந்துவிட்டது, மாற்றிவிடு என்று மலாயில் சொன்னார். தீபாவளி முடிந்ததும் காரை விற்றுவிட்டு மகளுக்கு வேறு வாங்குவதாக இருந்தோம். விற்கப்போகிற வண்டிக்கு எதற்குப் புது டயர் என்று தோன்றியது. தேய்ந்ததைப் பின்னால் போட்டுவிட்டு, பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவாருங்கள் என்றேன். ஸ்டியரிங் திருப்புவதும் இழுப்பதும் முன்சக்கரம், பின்னால் இருப்பவை சும்மா உருளத்தானே போகின்றன என்பது என் கணக்கு. என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் செய்வார்கள். தவுக்கே வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். மழையில் பின்பக்கம் வழுக்கி ஓடிவிடும், ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதே என்றார். சரி என்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி, டயர்களுக்குக் கறுப்பு மெருகு அடித்துக் கோவிலுக்குக் கொண்டுபோனேன். நானே குந்தி உட்கார்ந்து நான்கு சக்கரங்களுக்கும் சந்தனம் பூசினேன். முன் டயரில் பூசும்போது சந்தனம் பள்ளங்களுக்குள் போய் அடைத்துக்கொண்டது. பின் டயரில் விரல் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அந்த வழுவழுப்பு என் விரலுக்குத் தெரிந்தது. குங்குமம் வைத்தேன், எலுமிச்சம்பழம் வைத்தேன், மகளைக் காரை நகர்த்தச் சொன்னேன். பழங்கள் நசுங்கின. கும்பிட்டேன். திங்கள்கிழமை அவள் அதே காரில் வேலைக்குப் போனாள்.

லோரிக்குள் மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பயம் போய்க் கோபம் வந்திருந்தது.

"அப்ப என் தப்பு இல்லையா அண்ணே?"

"தங்கச்சி, இந்த டயரோட இந்த மழையில யாரு ஓட்டினாலும் சுத்தும்."

"அப்பா, பாத்தீங்களா? அந்த தவுக்கே வேலை. ரிப்போர்ட்ல அவரு கடையையும் சொல்லணும். அவரு நம்பர் உங்க போன்ல இருக்குல்ல? குடுங்க, ஸ்பீக்கர்ல போட்டு இப்பவே கேட்போம்."

"விடும்மா, அப்புறம் பேசிக்கலாம்."

"ஏன் அப்புறம்? ஒரு ஆள் செத்துருப்பாரு ப்பா."

கையை நீட்டினாள். போன் என் சட்டைப் பையில் இருந்தது. அவள் தோள் என் தோளில் அழுத்திக்கொண்டிருந்தது. மறுபக்கம் திறக்காத கதவு. லோரி நகரவில்லை. என் உடம்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் அவள் கை அங்கே இருந்தது. டயர் கடை மூடியிருக்கும் என்று சொல்லலாமா, நம்பர் இல்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அப்போது வெட்கமாக இல்லை, சொன்னால் நம்புவாளா என்றுதான் யோசித்தேன். அதை இப்போது எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

"அவர் மாத்தச் சொன்னாரும்மா," என்றேன். "நான்தான் வேணாம்னேன். பின்னாடி போடச் சொன்னதும் நான்தான்."

கை அப்படியே நீண்டிருந்தது.

"எப்ப?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

லோரிக்காரர் சாலையைப் பார்த்துக்கொண்டு, வேகமாக ஓடிக்கொண்டிருந்த வைப்பரை இன்னும் வேகமாக்கினார்.

"ரெண்டு மாசமா தெனமும் நான் ஓட்டினேன் ப்பா," என்றாள். "போன வாரம் செமினி வரைக்கும் ஆபீஸ் பிள்ளைங்க நாலு பேரை ஏத்திக்கிட்டுப் போனேன். நீங்கதான் வாசல்ல நின்னு கையாட்டுனீங்க."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இருக்கையில் நகர இடமில்லை. இருந்தும் அவள் தோள் என் தோளிலிருந்து விலகியது. எப்படி என்று தெரியவில்லை. ஷா ஆலம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

போலீஸ் நிலையத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி இருந்தார். மகள் நிதானமான மலாயில் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தார். மழை, முன்னால் கார்கள், பிரேக். பின் டயர்கள் தேய்ந்திருந்தன. அது கார் உரிமையாளருக்கு முன்பே தெரியும்.

அதிகாரியின் விரல்கள் நின்றன. "உரிமையாளர் யார்?"

"என் அப்பா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளிடம் குரலைத் தணித்து, இதைப் போட்டால் சம்மன் வரலாம், காப்புறுதி நிறுவனத்திலும் கேள்வி கேட்பார்கள், கார் வழுக்கியது என்று மட்டும் போட்டால் போதும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

மகள் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடித் தடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். எவ்வளவு நேரமானாலும் நிற்பாள் போலிருந்தது.

"போடுங்கள்," என்றேன். என் அடையாள அட்டையை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன்.

அச்சாகி வந்த தாளை மகள் இரண்டு முறை படித்தாள். என்னிடம் காட்டாமல் கையெழுத்துப் போட்டாள்.