முடிவுரைக்குக் கீழே ஏழுமலை எழுதியது

கயல், இன்பா, நேற்று நீங்கள் கட்டுரை நோட்டை என் முன்னால் வைத்து, "முடிவுரைல இன்னாப்பா எழுதறது?" என்று கேட்டீர்கள். 'முடிவுரை' என்று தலைப்பு போட்டு அடிக்கோடும் இழுத்தாயிற்று. கீழே வெறும் தாள். பத்தாவதோடு நின்றவனிடம் கேட்டால்? ஆனால் கயல் பேனா மூடியைக் கடித்த சத்தத்தில் எனக்கு எங்கள் கம்பெனி பஸ் ஞாபகம் வந்துவிட்டது.

மறைமலைநகரில் நான் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த காலம். அந்த பஸ்ஸில் எப்போதும் மிஷின் எண்ணெயும் எலுமிச்சைச் சாதமும் கலந்த வாசனை. எனக்கு அது பிடிக்கும், அம்மாவிடம் சொல்லாதீர்கள். பாதுகாப்பு வாரம் வந்தால் எல்லோரும் கட்டுரை எழுதித் தர வேண்டும். டிபன் பாக்ஸை மடியில் வைத்து, பேனா மூடியைக் கடித்தபடி அதன்மேல் எழுதுவோம். முன்னுரை அவரவர் இஷ்டம். முடிவுரை மட்டும் பொது. ஒருவன் உரக்கச் சொல்ல, பஸ்ஸே எழுதும்: "ஆகவே பாதுகாப்பைப் பேணி வீட்டையும் நாட்டையும் உயர்த்துவோமாக!" சொல்பவன் நான்தான். அதில் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு வருடம், மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் ஏழுமலை மட்டும் அதை எழுதவில்லை. எட்டிப் பார்த்தேன். "உற்பத்தி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காக என் பிரஸ் மிஷினின் கைத்தடுப்பைக் கழற்றி வைத்திருக்கிறேன். நாளை மாட்டிவிடுவேன்" என்று முடித்திருந்தான். தகடு அமுக்கும் அந்த மிஷினுக்குள் கை போகாமல் மறிக்கும் கம்பித் தடுப்பு அது; மாட்டினால் வேலை மெதுவாகும். நாங்கள் எல்லோருமே கழற்றித்தான் வைத்திருந்தோம். அடுத்த மாதம் அவன் வேலை நிரந்தரமாவதாக இருந்தது.

"இன்னாடா எழுதிக்கீற? வூட்டுக்கு அனுப்பிடுவானுங்க!" என்றேன்.

"நீ சொன்னத போன வருசமும் எழுதனேன் அண்ணாத்த. ஒண்ணுமே நடக்கல. இப்டி எழுதனா இன்னா நடக்குதுன்னு பாக்கலாமே."

"நடக்கும். உன் சீட்டு காலியாவும்" என்றது பின்சீட்டு. பஸ் சிரித்தது.

சீட்டு காலியாகவில்லை. மேனேஜர் கூப்பிட்டுத் திட்டினார். நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. ஆனால் எழுதியபடி, மறுநாளே தடுப்பை மாட்டிவிட்டுத்தான் மிஷினில் கை வைத்தான். கையெழுத்து அழகென்று எனக்கு முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டப்பா.

முடிவுரையில் என்ன எழுதுவதென்று எனக்கு இன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை, பிள்ளைகளே. படித்து முடித்த பிறகு ஏதாவது நடக்குமா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். இப்போது அங்கே கட்டுரையே கிடையாது. போனில் நான்கு கேள்வி. விரலால் தொட்டால் பாதுகாப்பு வாரம் முடிந்தது.

பரிசு வாங்கிய அன்று மாலை எல்லோரும் பஸ் ஏறப் போன பிறகு, நான் மட்டும் உள்ளே திரும்பினேன். லாக்கர் மேல் தூசி படிந்து கிடந்த என் மிஷினின் தடுப்பை எடுத்துப் பொருத்தி, நான்கு போல்ட்டையும் முடுக்கினேன்.