கடைசி வண்டிக்கு முன்னால்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படுக்கை விரிப்பை அவள் மடித்தால் நாலு மூலையும் கச்சிதமாக ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். மற்றவர்கள் மடித்தது கோணலாக இருந்தால் பிரித்து மறுபடி மடிப்பாளே தவிர, வாயைத் திறக்க மாட்டாள். வயது ஐம்பத்தொன்று. ஆவியும் சோப்பு வாடையுமான அந்த அறையில் இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே வேலை. போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு கிலோமீட்டர், மழையானாலும் வெயிலானாலும் சைக்கிள்தான். அப்படியும் அவள் காலில் தெம்பு இருக்கிறது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை, பாருங்கள்.

வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுநர். விடுமுறையில் சும்மா கிடக்கப் பிடிக்காமல் ஒரு சைக்கிள் பயணக் குழுவுக்கு வேன் ஓட்ட ஒத்துக்கொண்டார். ஏழு நாள், ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், கடைசி நாள் கடற்கரை. மூட்டை முடிச்சும் சாப்பாடும் முன்னால் போகிற வேனில். பின்னால் வருகிற வேனில் ஒரு மெக்கானிக், தண்ணீர், மருந்துப் பெட்டி. மிதிக்க முடியாதவர்கள் அதில் உட்கார்ந்து வரலாம். அந்தக் கடைசி வண்டிதான் அவருக்கு. அவர் சொல்லி முடிப்பதற்குள் தானும் பேர் கொடுக்கப் போவதாக அவள் சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

செய்தி நாத்தனார் காதுக்குப் போனது. வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. பேசினால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் கூடியிருந்த கூடத்தில் வைத்தே ஆரம்பித்தாள்.

"பின்னாலேயே தம்பி வண்டி வருதுல்ல. ரெண்டு தெரு மிதிச்சிட்டு ஏறி உக்காந்துக்குவா. வந்து முழுசா மிதிச்சேன்னு சொல்லுவா. யாரு பார்த்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெற்ற மகளும் சேர்ந்து சிரித்ததுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே முடிவு கட்டினாள். முழுத் தூரமும் மிதிக்க வேண்டும். அதோடு அந்த வண்டியின் படியில் கால்கூட வைக்கக் கூடாது.

கிளம்பியவர்கள் இருபத்தாறு பேர். பல் டாக்டர் ஒருவர், வங்கிக்காரர்கள் நாலைந்து பேர், ஒரே நிறத்தில் சட்டை போட்ட புதுமணத் தம்பதி என்று பலவகை. ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம் போன்ற சைக்கிள்கள் அவர்களுக்கு. இவளுடையது வேலைக்குப் போகிற அதே சைக்கிள், முன்னால் கூடையோடு. மெக்கானிக் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். மலைக்குத் தோதாகப் பின்பக்கப் பல்சக்கரத்தை மட்டும் பெரிதாக மாற்றிக் கொடுத்தார். முதல் நாளே அவள் கடைசி. கடைசி ஆளை வேன் தாண்டக் கூடாது என்பது குழுவின் சட்டம். ஆக, சாப்பாட்டுத் தட்டுக்குக்கூட ஒரு நிமிஷம் காத்திருக்காத மனுஷர் ஏழு நாளும் பெண்டாட்டி முதுகைப் பார்த்தபடி ஊர்ந்தார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் அவள் பின்னால் வந்தது அப்போதுதான்.

மூன்றாம் நாள் அடைமழை. மற்றவர்கள் வேனுக்குள் ஒதுங்கினார்கள். அவள் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தகரத்துக்கடியில் பாதி நனைந்தபடி நின்றாள். மழைக்கு ஒதுங்குவதையெல்லாம் யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று மெக்கானிக் கெஞ்சிப் பார்த்தார். ம்ஹூம். தண்ணீர் பாட்டிலைக்கூட ரோட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் மலை. ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம், பதினேழு வளைவு. பாதி மலைக்குள் ஆறு பேர் வேனுக்குள் போய்விட்டார்கள், பல் டாக்டர் உட்பட. பத்தாவது வளைவில் அவளுக்கும் தொடை மரத்துப்போயிற்று. ஒரு காலை ஊன்றி நின்றாள். மூச்சு தாறுமாறாக இழுத்தது. வேன் பக்கத்தில் வந்து நின்று கண்ணாடி இறங்கியது.

"ஏறு," என்றார் வீட்டுக்காரர்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிதித்தாள். பன்னிரண்டாம் வளைவில் நின்றபோது மறுபடி "ஏறு". பதினாலில் ஒன்று, பதினாறில் ஒன்று. கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரை ஏறச் சொல்கிறார், செத்தாலும் ஏற மாட்டேன் என்று முனகிக்கொண்டே மிச்சத் தூரத்தைக் கோபத்தில் மிதித்துத் தீர்த்தாள்.

மேலே எல்லோரும் கைதட்டினார்கள். அவள் நேரே வேன் பக்கம் திரும்பினாள்.

"நாலு தடவை ஏறு ஏறுன்னீங்களே. இப்ப ஏறி வந்தது யாரு?"

தன் தப்பை ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே இல்லாத மனுஷர் அவர். வழி தவறிப் போனால்கூட, இந்தப் பக்கம் ரோடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொல்வார். இத்தனை பேர் முன்னால் விட்டுக்கொடுப்பாரா?

"மேட்டுல ஏறுன்னுதான் சொன்னேன். வண்டியிலன்னு நீயா நினைச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேட்டுக்கும் அதே ஏறு, வண்டிக்கும் அதே ஏறு. எதை வைத்து மறுப்பாள்? இறக்கத்தில் சைக்கிள் தானாக ஓடும்போது யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே தெம்பு கொடுக்கத்தான் சொன்னாரோ என்னவோ என்று மனசு இளகியது. அடுத்த இரண்டு நாளும் பின்னால் வருகிற வேன் சத்தம் துணையாகவே இருந்தது.

ஏழாம் நாள் உச்சிப்பொழுதுக்கு முன்பே கடல் தெரிந்தது. முழுத் தூரமும் மிதித்தே வந்தவர்கள் பதினேழு பேர். அவள் பேரை வாசித்துச் சான்றிதழ் கொடுத்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

பேர் வாசித்தது கடற்கரையில். நாத்தனார் இருப்பது ஊரில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கூடம், அதே ஆட்கள். நாத்தனார் சான்றிதழை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"காகிதத்துல என்ன வேணா எழுதலாம். கட்டின புருஷன் பின்னாலேயே வர்றான். மலையில மூச்சு வாங்கினா ஏறிக்கோன்னு சொல்லாமலா இருந்திருப்பான்?"

மடிப்பக்கா பதில் தேடுவதற்குள் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"சொன்னேன்க்கா. நாலு தடவை சொன்னேன். மேட்டுல ஏறுன்னு சொன்னேன்னு இவகிட்ட பொய் சொல்லிட்டேன், வெக்கமாப் போச்சு. வண்டியிலதான் ஏறச் சொன்னேன். இவளால முடியாதுன்னு நானே நினைச்சேன். பக்கத்து சீட்டைத் தொடச்சுக்கூட வெச்சேன். ஏறவே இல்ல."

ஓ, அப்படியா சேதி என்று முதலில் அவளுக்குச் சுர்ரென்றது. அடுத்த நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த மலையை, கட்டினவரின் நம்பிக்கைகூடக் கையில் இல்லாமல், தனி ஒருத்தியாக ஏறியிருக்கிறாள். இதைவிடப் பெரிய சாட்சி யார் வந்து சொல்ல வேண்டும்? நாத்தனார் கையிலிருந்த சான்றிதழைப் பதமாக வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் நீங்களும் வாங்க அண்ணி," என்றாள். "வண்டியில நிறைய இடம் இருக்கு."