பரிமாறுகிறவள் சாப்பிட்டாளா?

பதுளையிலிருந்து மொனராகலை போகும் பஸ்ஸில் படம் ஓடியது. வீட்டாருக்குச் சாப்பாடு பரிமாறிய வேலைக்காரியைக் கதாநாயகன் கிண்டலடித்தான். பஸ்ஸே சிரித்தது, நானும்தான். பக்கத்து இருக்கையில் இருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள், மடியில் ரொட்டிப் பொட்டலம்.

“படம் புடிக்கலீங்களா?” என்றேன்.

“பாட்டெல்லாம் நல்லா இருக்குங்க. ஆனா படம் எடுத்தவரு அந்தப் பொம்பளைய ஒரு வாய் சாப்பிட விட்டாரா? நான் எந்தப் படத்துலயும் அதத்தான் பார்ப்பேன்.”

பொட்டலத்தைப் பிரித்து, எனக்கொரு ரொட்டி தந்த பிறகே அவர் சாப்பிட்டார். அடுத்த பாட்டுக்குச் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே வந்து, பசறையில் இறங்கினார்.

இப்போதும் படங்களை ரசிக்கிறேன். ஆனால் கதாநாயகனும் கதாநாயகியும் சேரும் நேரத்தில், என் கண் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது.