நீலச் சாடியில் ஒரு சங்கு

மன்னார் அரசாங்கக் கச்சேரியில் பெரிய துரையாக இருந்தவர் சீமைக்குத் திரும்பியபோது அவர் வீட்டுச் சாமான்கள் ஏலத்தில் போயின. அங்கே கிளாக்கராக இருந்த என் கணவர் உட்காரக் கதிரை வாங்கப் போய், ஒரு நீலச் சாடியோடு வந்தார். வெளிர்நீலத்தின் மேல் வெள்ளை உருவங்கள், மாவில் வெட்டி ஒட்டியதுபோல் எழும்பி நின்றன. மடிப்பு மடிப்பாகத் துணி போர்த்த ஒரு பெண். காலடியில் உடுப்பில்லாத ஒரு குழந்தை. அவள் கையில் முறுக்கிய கொம்பு, அதன் வாயிலிருந்து கொடிமுந்திரிகைப் பழங்கள் குலைகுலையாக வழிந்தன. அது செழிப்பின் அடையாளம் என்று கன்னியர் மடத்தில் படித்திருந்தேன். சோதனையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன்.

மகன் பிறந்த இரண்டாம் மாதம் எனக்குப் பால் குறைந்தது. ஆட்டுப்பால் கொடுக்கச் சொன்னார் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார். கணவரின் தமக்கை, என் மச்சாள், பேசாலையிலிருந்து கறவை ஆட்டையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நான்தான் இணங்கவில்லை. அது அவனுக்குச் செமிக்குமா? பிறகு என்னோடு ஒட்டுவானா? இன்னும் கொஞ்சம் பொறுத்தால் எனக்கே பால் ஊறாதா? நான் யோசித்துக்கொண்டிருக்க, அவன் கையைச் சப்பிச் சப்பி அழுதான்.

மறுநாள் காலை மச்சாள் பால் பருக்கும் சின்னச் சங்கைக் கழுவித் துடைத்தபடி சாடியைப் பார்த்தார்.

“பாரும் பிள்ளை, வெள்ளைக்காரியும் சங்கிலைதான் பருக்கிறாள்.”

“அது சங்கில்லை மச்சாள், கொம்பு.”

“கொம்புக்குள்ளை ஆர் பழம் போடுறது? சங்கு குளிக்கிற கடற்கரையிலை பிறந்த எனக்கே சங்கு காட்டுறீரோ?”

கச்சேரிக் கந்தோருக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த கணவர், “அக்கா சொன்னால் சங்குதான்,” என்று சொல்லிவிட்டு மெல்ல நழுவினார்.

“சரி, கொம்பெண்டே வைப்பம். என்ன கொம்பு? மாடோ, மானோ?”

“ஆட்டு...” என்றவள் அப்படியே நின்றுவிட்டேன்.

மச்சாள் விடவில்லை. சொல்லத்தான் வேண்டியிருந்தது. பழைய கிரேக்கரின் கதை அது. ஒரு தெய்வக் குழந்தையை, பிள்ளைகளை விழுங்கும் தகப்பனுக்குத் தெரியாமல் தாய் குகையில் ஒளித்து வைத்தாள். அங்கே அதற்குப் பால் கொடுத்து வளர்த்தது ஓர் ஆடு. அந்த ஆட்டின் ஒடிந்த கொம்புதான் பிறகு வற்றாமல் நிரம்பும் கொம்பானது. மடத்தில் ஒரு பிழையில்லாமல் ஒப்புவித்த கதை. தினமும் அந்தச் சாடியைத் தூசி தட்டியும் எனக்குப் பழங்கள் மட்டும்தான் தெரிந்திருக்கின்றன.

“அப்ப தாய் குடுக்கேல்லையோ?”

“குடுக்க வழியில்லை, மச்சாள்.”

“பொடியன் என்ன ஆனான்?”

“தேவர்களுக்கெல்லாம் ராசாவானான்.”

“ராசாவுக்கே ஆட்டுப்பால் காணுமெண்டால், கச்சேரிக் கிளாக்கரின்ரை மோனுக்குக் காணாதோ? எழும்பும், அடுப்பை மூட்டும்!”

பாலை ஒருமுறை காய்ச்சினேன். போதாதோ என்று மறுபடியும் காய்ச்சினேன். மச்சாள் அதை ஆற்றிச் சங்கில் ஊற்றித் தந்தார். சங்கின் மூக்கை உதட்டில் வைத்ததும் மகன் முகத்தைச் சுளித்தான். பிறகு ‘மளக் மளக்’கென்று குடித்தான். குடித்து முடித்து, முன்போலவே என் சட்டையைப் பிடித்தபடி தூங்கிப்போனான்.

அந்தப் பெண் தொட்டிலைப் பார்க்கும்படி சாடியைத் திருப்பி வைத்தேன். ஞானஸ்நானம் பெற்றவள் பொய்த்தேவர்களின் கதையில் ஆறுதல் தேடியது பாவமோ என்று உடனே யோசனை வந்தது. பாதி திரும்பியபடியே விட்டுவிட்டு, அடுத்த நேரத்துக்கு ஆடு கறக்கப் போனேன்.