மாரிமுத்து அங்கிளின் காலும் என் ராஜினாமா கடிதமும்

முருகனின் திருநீற்றைக் கழுவிக் குப்பைப் பையில் போடுவதுதான் போன வருடம் என் தினசரி வேலையாக இருந்தது. எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொல்கிறாளே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் தவமணி. பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வழிபாட்டில் உங்களில் பலர் என்னைப் பார்த்திருப்பீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, பாதிப் பாட்டில் கண் அசந்துபோகிற பெண் நான்தான். இருபத்தொரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். முதலில் ஆஸ்பத்திரி வார்டு. கடந்த ஆறு வருடமாகக் கிள்ளான் பக்கம் ஓர் அரசாங்க கிளினிக்கில், புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் வேலை. தினமும் காலையில் ரயில் பிடித்துப் போகிறேன்.

அந்த அறைக்கு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் ஆட்கள். முக்கால்வாசிப் பேருக்கும் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். காலில் ஆறாத புண். ஒரு நாள் காலையில் முப்பது பேர் வந்தால், கட்டுப் போட நாங்கள் இரண்டே பேர். ஒவ்வொருவருக்கும் பிறகு எழுத வேண்டியது ஒரு பக்கம். வெளியே காத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? "மிஸ்ஸி, எவ்ளோ நேரம்தான் உக்காந்திருக்கறது? உள்ள தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கதவைத் தட்டுவார்கள். ஒருவர் நம்பர் சீட்டைச் சுருட்டி என் முகத்திலேயே எறிந்தார். தீபாவளிக்கு முன்தினம் லீவு கேட்டால் கிடைக்காது. என் கால் நரம்பு புடைத்து நீலமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் பேசவே வாய் வராது. என் கணவர் சேகர், "விடு லா, போதும். உன் உடம்பு என்ன இரும்பா?" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பர்னிச்சர் கம்பெனியில் ஆபீஸ் வேலை இருப்பதாகச் சேகரின் நண்பர் சொன்னார். குளிர்சாதன அறை. உட்கார்ந்து செய்யும் வேலை. சனி, ஞாயிறு லீவு. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஆசை வந்துவிட்டது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? நாற்காலியை நினைத்தாலே இனித்தது.

இனி மாரிமுத்து அங்கிளைப் பற்றிச் சொல்கிறேன். லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். வயது அறுபத்து நான்கு. வலது காலில், சுண்டுவிரலுக்குக் கீழே ஐம்பது காசு அளவு புண். மூன்று மாதமாகத் தினமும் என்னிடம்தான் வந்தார். நல்ல மனிதர். கத்த மாட்டார், சண்டை போட மாட்டார், வரிசை தாண்ட மாட்டார். ஆனால் நான் சுத்தமாகக் கழுவி, மருந்து வைத்து, கட்டிப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினால், வீட்டுக்குப் போய்க் கட்டைப் பிரித்து, புண் நிறையத் திருநீற்றை அப்பிவிட்டு, மறுபடியும் அவரே கட்டிக்கொள்வார். மறுநாள் நான் பிரித்தால் உள்ளே சீழும் சாம்பலும் சேர்ந்து களியாகிக் கிடக்கும்.

நானும் முருகனைக் கும்பிடுகிறவள். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிறவள். அந்தத் திருநீற்றை உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவி, பஞ்சால் துடைத்து, கிருமிக் கழிவு போடும் மஞ்சள் பையில் போடும்போது என் கை கூசும். "முருகா, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வேன். அங்கிளிடம் நல்ல விதமாக எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "சரிங்க மிஸ்ஸி" என்பார். மறுநாள் அதே சாம்பல்.

ஒரு செவ்வாய்க்கிழமை. என்னோடு வேலை செய்பவர் மருத்துவ விடுப்பில் போய்விட்டார். நான் ஒருத்திதான். வெளியே சத்தம். உள்ளே அங்கிளின் கட்டைப் பிரித்தேன். புண் முன்னைவிடப் பெரிதாகி, ஓரம் கறுத்திருந்தது. மேலே வெள்ளையாகத் திருநீறு. எனக்குள் என்னவோ அறுந்துபோயிற்று.

"அங்கிள், உங்க சாமி வந்து கட்டு போட மாட்டாரு. இப்படியே பூசிக்கிட்டு இருங்க. ஆஸ்பத்திரியில முட்டி வரைக்கும் வெட்டுவாங்க. அப்புறம் அந்த இடத்துல பூசிக்குங்க!"

இப்படித்தான் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை இதுதான். அறையில் இருந்த மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அங்கிள் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தட்டிலிருந்த துணியை எடுத்துப் புண்ணின் மேல் வைத்து, தன் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, "நல்லதுங்க மிஸ்ஸி" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி ராஜம்மா ஆன்டி எடுத்தார்.

"என்னம்மா பண்றது, வர மாட்டேங்குறாரு. மிஸ்ஸி நம்ம சாமியப் பழிச்சிட்டாங்க, இனிமே அந்தப் பக்கம் தல வச்சுப் படுக்க மாட்டேன்றாரு."

போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நானா சாமியைப் பழித்தேன்? நானா? ஆனால் பழித்தேன்தானே. இந்த வேலை என்னை அப்படி ஆக்கிவிட்டது என்று தோன்றியது. நோயாளி மேல் இரக்கம் போய்விட்டது, தெய்வத்தின் மேல் மரியாதையும் போய்விட்டது. இனி இங்கே எதற்கு இருக்க வேண்டும்?

அந்த வெள்ளிக்கிழமை மாலை பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போனேன். வேலையை விட உத்தரவு கேட்கத்தான் போனேன். ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன்: 'முருகா, இருபத்தொரு வருஷம் ஓடிட்டேன், இனி என்னை உட்கார விடு.' சந்நிதி முன்னால் நின்றேன். தீபாராதனை காட்டினார்கள். வாயைத் திறந்தால் நான் யோசித்து வைத்தது ஒன்றுமே வரவில்லை. அங்கிளின் கால்தான் கண்ணில் நின்றது. அந்தக் கறுத்த ஓரம். அது எத்தனை நாளில் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்; வார்டில் பார்த்திருக்கிறேன்.

"முருகா, அந்தக் காலக் காப்பாத்து. அவர எப்படியாவது கொண்டாந்து என் முன்னால உக்கார வை. அவரு வந்தா நான் இந்த வேலையில இருக்கேன். வரலேன்னா நான் இதுக்கு லாயக்கில்லாதவ, போயிடுறேன்."

இப்படி வேண்டிக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமைதான் பர்னிச்சர் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். அதுவரை தினமும் மாலை விளக்கேற்றும்வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று இருந்தேன்.

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பேன். எங்கள் பொறுப்பாளர் சிஸ்டர் நோரா, மலாய்க்காரப் பெண், அதைக் கவனித்துவிட்டு, "சபார் லா, தவா" என்றார். பொறுமையாக இரு என்கிறார். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. புதன் போயிற்று. வியாழனும் போயிற்று. ராஜம்மா ஆன்டிக்கு இன்னொரு முறை போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ராஜினாமா கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன். மனதில் கோபம் இல்லை. சரி, இதுதான் பதில் போலிருக்கிறது என்று ஒரு மாதிரி அமைதியாகவே இருந்தேன். சிஸ்டர் நோரா கூட்டத்துக்குப் போயிருந்தார், மதியம்தான் வருவார். அதனால் கடிதம் பையிலேயே இருந்தது.

பதினொரு மணி இருக்கும். முதலில் வாடை வந்தது. பிறகு கதவு திறந்தது. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மாரிமுத்து அங்கிள் நின்றார்.

அவரை உட்கார வைத்து, கால்மாட்டில் என் குட்டை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கைக்குட்டையைப் பிரித்தேன். சுண்டுவிரல் முழுக்கக் கறுத்துவிட்டது.

"ஏன் அங்கிள் இத்தன நாளு வரல?" என்று கேட்டேன்.

ஆன்டிதான் சொன்னார். "நேத்து கிருத்திகைம்மா. கோயிலுக்குப் போயே ஆவணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. எங்க வீட்டுப் பக்கத்து தாமான் கோயிலுக்குத்தான் போனோம். வாசப்படியில கால வச்சாரு, குருக்கள் பாத்துட்டாரு. ரத்தமும் சீழும் வடியிற காலோட உள்ள வரக்கூடாதுங்கன்னு நிறுத்திப்புட்டாரு. என்ன பூசியிருக்கீங்கன்னு கேட்டாரு. இவரு விபூதின்னாரு. அதுக்குக் குருக்கள், 'விபூதி நெத்திக்குய்யா. காலுக்கு டாக்டரும் மிஸ்ஸியும் இருக்காங்க. புண்ண ஆத்திட்டு வாங்க, நானே உள்ள கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லிட்டாரு."

அங்கிள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முருகன் வாசல்லேயே என்னைத் திருப்பி அனுப்பிட்டாரு மிஸ்ஸி," என்றார்.

என்னிடம் திருப்பி அனுப்பியிருக்கிறான் என்று எனக்குத்தான் தெரியும். நான் எங்கே போய் வேண்டினேன், அவரை எந்த வாசலில் நிறுத்தினான் பாருங்கள்! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்கிள், அன்னிக்கு நான் பேசினது பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க."

"கால அமுக்கிப் பிடிச்சிக்கிட்டா மன்னிப்புக் கேப்ப? வலிக்குதும்மா!" என்றார். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் என்னை 'அம்மா' போட்டுப் பேசினார். ஆன்டி சிரித்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அவர் சட்டைப் பையில் திருநீறு மடித்த பொட்டலம் இருந்தது. அதைக் கேட்டு வாங்கினேன். ஒரு விரலால் எடுத்து அவர் நெற்றியில் வைத்தேன். "நீயும் வச்சுக்கோ," என்றார். வைத்துக்கொண்டேன். பிறகு கையைக் கழுவி, உறை மாட்டி, என் வேலையைத் தொடங்கினேன். அன்று கழுவும்போது கை கூசவில்லை.

டாக்டர் வந்து பார்த்து, உடனே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். இன்னும் மூன்று நான்கு நாள் விட்டிருந்தால் காலே போயிருக்கும் என்றார். சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தார்கள். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், போன விரல்கள் போனவைதான். முருகன் அவற்றை முளைக்க வைக்கவில்லை. ஆனால் கால் இருக்கிறது. நான் கேட்டது அந்தக் காலைத்தான்.

அன்று மதியம் சிஸ்டர் நோரா வந்து, ஏதாவது விஷயம் உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். சேகரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "அப்ப இனிமே கால் வலிக்குதுன்னு என்கிட்ட வராத," என்றார். வாய்தான் அப்படிச் சொன்னது. அன்று மாலையே தைல பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

வேலை மாறிவிட்டதா என்று கேட்காதீர்கள். மாறவில்லை. அதே முப்பது பேர், அதே இரண்டு நர்ஸ், அதே எழுத்து வேலை. போன வாரம்கூட ஒருவர் என்னைச் சோம்பேறி என்றார். நான்தான் கொஞ்சம் மாறியிருக்கிறேன். இப்போதெல்லாம் புண்ணின் மேல் மஞ்சளோ காப்பித்தூளோ அப்பிக்கொண்டு வந்தால் கத்துவதில்லை. ஒரு சீன ஆன்டி பற்பசை பூசிக்கொண்டு வந்தார். யார் பூசிவிட்டது என்று முதலில் கேட்கிறேன். அம்மா பூசியது, புருஷன் பூசியது என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கழுவுகிறேன். சில நாள் பொறுமை போய்விடுகிறது. அன்று மாலை கோயிலுக்குப் போய் ஒத்துக்கொள்கிறேன்.

செமினியில் இருக்கும் என் அக்கா, தன் மகளை நர்சிங் படிக்க அனுப்பலாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இத்தனை வருடமும் 'வேண்டவே வேண்டாம்' என்றுதான் சொல்லி வந்தேன். இந்தத் தடவை மகளிடமே போனைக் கொடுக்கச் சொன்னேன். கஷ்டத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு மாரிமுத்து அங்கிளுக்கு நான் கடைசியாகக் கட்டுப் பிரித்த நாளைப் பற்றியும் சொன்னேன்.

அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் தினமும் வந்தார். ஒரு புதன்கிழமை துணியை எடுத்தேன். உள்ளே புண் இல்லை. இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். விரலால் அழுத்திப் பார்த்தேன். காய்ந்திருந்தது. புதுக் கட்டு எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டும்மா?" என்று கேட்டார்.

"வராதீங்க அங்கிள்."

அவருக்குப் புரியவில்லை. "அப்ப திங்கக்கிழமையா?"

"திங்கக்கிழமையும் வேணாம். இனிமே வரவே வேணாம் அங்கிள். ஆறிடுச்சு."

அவர் தன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே கதவைத் தட்டினார்கள். நான் திறக்கவில்லை. ராஜம்மா ஆன்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அங்கிள் எழுந்து, யார் தோளையும் பிடிக்காமல், நேராக ரயிலடிக்கு நடந்து, ரயிலேறிப் பத்துமலை முருகனைப் பார்க்கப் போனாராம். போய்ச் சேர்ந்ததும் ஆன்டி எனக்குப் போன் பண்ணிச் சொன்னார்.

நீங்களும் வேலையை விடலாமா, இருக்கலாமா என்ற குழப்பத்தில் இருந்தால், முருகன் முன்னால் போய் நில்லுங்கள். யோசித்து வைத்ததை விட்டுவிடுங்கள். உங்கள் வாயில் தானாக யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். அந்த ஆளைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் உட்கார வைப்பது அவன் பொறுப்பு. எனக்குச் செய்தான். அவன் காலடியில் விழுந்து நன்றி சொல்கிறேன். நாளைக் காலை ஏழரைக்கு எனக்கு வேலை இருக்கிறது.