வெடி வைத்து ஒட்டிய தகடு: கோவையிலிருந்து வெள்ளகோவில் கல்குவாரிக்கு

உலோகத்தை ஒட்டுவதென்றால் எனக்குத் தெரிந்தது இரும்பு கேட்டுக்கு வெல்டிங் வைப்பது மட்டும்தான். பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் நான். என் மகள் நித்யா ஆராய்ச்சி மாணவி. சூரியனுக்குள் நடப்பதை ஓர் உலைக்குள் நடத்தி மின்சாரம் எடுக்கப் பார்க்கிறார்களாம். அதன் உட்சுவருக்குச் சூடு தாங்கும் டங்ஸ்டனையும் சூட்டைக் கடத்தும் தாமிரத்தையும் ஒட்ட வேண்டும். சூடேறினால் தாமிரம் நிறைய விரியும், டங்ஸ்டன் அவ்வளவாக விரியாது, ஒட்டு விட்டுப்போகும். அதனால் வெடி வைத்து ஒட்டிப் பார்க்கப் போகிறோம் என்றாள். வெடிக்கிற வேகத்தில் ஒரு தகடு இன்னொன்றின் மேல் மோதி ஒட்டிக்கொள்ளுமாம். வெடி என்றதுமே, "காரை நான் ஓட்டறேன் கண்ணு" என்று கிளம்பிவிட்டேன். போன தை மாதம், ஒரு சனிக்கிழமை.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். பல்லடம், காங்கேயம் வழியாக வெள்ளகோவில் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். காங்கேயத்தில் இரண்டு பேருக்கு டிபன் நூற்றறுபது ரூபாய். பயத்தில் எனக்கு இட்லி இறங்கவில்லை. இறங்காததற்கும் சேர்த்துத்தான் காசு.

குவாரியில் அவளுடைய பேராசிரியரும், வெடி வைக்க லைசென்ஸ் உள்ள சின்னச்சாமி அண்ணனும் காத்திருந்தார்கள். தகடுகளை நடுவில் மெல்லிய இடைவெளி விட்டுச் சேர்த்துக் கட்டி, மேலே வெடியோடு குவாரிக் குழியில் தேங்கிய தண்ணீருக்குள் இறக்கினார்கள். தண்ணீருக்கு வெளியே வெடித்தால் டங்ஸ்டன் கண்ணாடி போல விரிசல் விடுமாம். நித்யாவிடம் மிச்சமிருந்தது அந்த ஒரே டங்ஸ்டன் தகடு.

சின்னச்சாமி அண்ணன் என்னிடம் வந்தார். "ஏனுங்க, சிரமம் பாக்காம அந்த டிப்பருக்குப் பின்னால நின்னுக்கறீங்களா?"

பந்திக்குக் கூப்பிடுவது போலிருந்தது. "பரவால்லீங்க, இங்கயே நிக்கறனுங்க."

"நிக்கலாமுங்க. அப்பறம் உங்களப் பொறுக்கித்தான் எடுக்கோணுமுங்க."

ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது.

சைரன் ஊதியது. சின்னச்சாமி அண்ணன் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த அமைதி இருக்கிறதே, அதைப்போல ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

"வயர் கழண்டிருக்கும்ப்பா. நடுவுல தண்ணி பூந்துட்டா தகடு போச்சு. எட்டிப் பாத்துட்டு வாரேன்" என்று என் பக்கத்தில் நின்ற நித்யா குழிப் பக்கம் நகர்ந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். உதறப் பார்த்தாள்.

"அம்மணி, நில்லு!"

சின்னச்சாமி அண்ணன்தான். காலையிலிருந்து 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசாத மனுஷன். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். வெடிக்காத வெடி எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு அவர் மட்டும் போனார். வயரைச் சரிசெய்துவிட்டு, கோயிலுக்குப் போய் வருபவரைப் போல நடந்து வந்தார். மறுபடி சைரன். இம்முறை வெடித்தது. அதிர்வு உள்ளங்கால் வழியாக வந்து நெஞ்சில் இடித்தது. குழித் தண்ணீர் பனை உயரத்துக்கு எழுந்து விழுந்தது.

தகட்டை எடுத்தார்கள். "ஓரமெல்லாம் போயிருச்சுப்பா. நடுவுல புடிச்சிருக்கு. லேப்ல பாத்தாத்தான் முழுசாத் தெரியும்" என்றாள். பிறகு, "கைய உடுங்கப்பா, மரத்துப்போச்சு."

அப்போதுதான் விட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: அனுமதி இல்லாமல் குவாரிக்குள் விடமாட்டார்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். எங்கள் கொங்குப் பக்கத்து ஆள் மரியாதையாக 'ங்க' போட்டு எச்சரித்தாலே ஓடிவிடுங்கள். 'ங்க' இல்லாமல் பேசினால் காரணம் கேட்காதீர்கள். நின்ற இடத்தில் நில்லுங்கள்.