எனக்குச் சோறு போடுகிறவன்

என் கொழுந்தனைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது ‘அவர்’ என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டு வரி போனதும் கை நின்றுவிட்டது. அடித்துவிட்டு ‘அவன்’ என்று மாற்றினேன். வயதில் எனக்கு இளையவன்தான். மரியாதை தெரியாதவள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் என் கணவர் உட்கார்ந்தார், இன்னொன்றில் அவர் தம்பி. கணவர் ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊர் திரும்பியதும் என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, பரணில் கிடந்த பழைய அடுப்பு ஒன்றை இறக்கித் துடைத்து, பின்கட்டில் நூல் மூட்டை போடும் அறையில் கொண்டுபோய் வைத்தாள்.

“அக்கா, உங்களுக்கு இன்னா புடிக்குதோ அத நீங்களே செஞ்சி சாப்டுக்கலாம் இல்ல?” என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்றிலிருந்து ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு. என் கணவரின் தறியில் இப்போது கூலிக்கு ஒரு ஆள் நெய்கிறார். அந்த வரும்படி என் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நான் அக்கம்பக்கத்துத் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறேன். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு இழையைச் சுற்றும் வேலை அது. தோள்பட்டை சொன்னபடி கேட்கிற மாதம் குறையில்லை. கேட்காத மாதம் ரேஷன் அரிசியும் ரசமும்தான்.

குடும்பத் தலைவிகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் போட ஆரம்பித்தபோது எங்கள் ரேஷன் கார்டில் தலைவி நான். மூத்த மருமகள் என்பதால் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான். பணம் என் கணக்குக்கு வந்தது. கணவர் போன பிறகும் சில மாதம் வந்தது. அப்போதுதான் கொழுந்தன் ஒரு யோசனையோடு பின்கட்டுக்கு வந்தான்.

“அண்ணி, விதவை பென்ஷன் எழுதிப் போடலாம் நீங்க. அது இதவிட கொஞ்சம் கூட வரும். ஆனா ரெண்டையும் ஒருத்தரே வாங்க முடியாது. அதனால தலைவி பேர இவ பேருக்கு மாத்திட்டா, அந்தக் காசு இவளுக்கு வரும். பென்ஷன் உங்களுக்கு வரும். ஒன்னும் வீணாவாது.”

நியாயமாகத்தான் பட்டது. ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான் அந்தப் பணம், பென்ஷன் வாங்குகிறவளுக்கு அது கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன். கார்டையே பிரித்து எனக்குத் தனியாக ஒன்று வாங்கிவிட்டால் என்ன?

“இன்னா அண்ணி நீங்க? கார்ட பிரிச்சா தெருவுல இன்னா பேசுவாங்க? அண்ணன் போயி வருஷம் திரும்பல, அதுக்குள்ள அண்ணிய கய்ட்டி வுட்டுட்டான்னு பேசமாட்டாங்களா?”

என் அடுப்பு பின்கட்டுக்குப் போனபோது தெரு எதுவும் பேசவில்லை. உள்ளே நடந்தது தெருவுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. இ-சேவை மையத்துக்கு மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். தலைவி பெயரை மாற்ற ஓடிபி என் போனுக்குத்தான் வந்தது. நானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னேன். அடுத்த மாதம் ஓரகத்தியின் போன் சிணுங்கியது. “வந்துட்டுதுங்க!” என்று தறிப்பக்கம் பார்த்துக் கத்தினாள். எனக்கு அது உறுத்தவில்லை. என்னுடையது வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பென்ஷனுக்கு ‘ஆதரவற்ற விதவை’ என்று சான்று வேண்டும். இ-சேவை மையத்துப் பெண் எழுத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “விசாரணைக்கு தாலுகா ஆபீஸ்லேந்து ஆர்.ஐ., ரெவின்யூ இன்ஸ்பெக்டர், வருவாங்கம்மா. யாரு உங்களப் பாத்துக்கறாங்க, தனியா சமைக்கறீங்களான்னு கேப்பாங்க. உங்க அடுப்ப காட்டுங்க, போதும்.” ‘ஆதரவற்ற’ என்ற வார்த்தை முதலில் குத்தியது. பிறகு யோசித்துப் பார்த்தால், உள்ளதைத்தானே எழுதுகிறார்கள் என்று தோன்றியது. வெட்கப்பட வேண்டியது நானில்லை.

அந்தச் சமயம் பார்த்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தேர்தல் வந்தது. கொழுந்தன் இயக்குநர் பதவிக்கு நின்றான். இரண்டு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டான். தெருவில் எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நின்று விசாரிக்கத் தொடங்கினான். பல வருடமாகப் பேசாத எதிர்வீட்டுக்காரரிடம் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டான்.

ஆர்.ஐ. வந்த நாள் எங்கள் வீட்டில் பாவு நீட்டும் நாளாகப் போனது என் கெட்ட நேரம். புடவையின் நீளவாட்டு இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுமுன் அதைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, நீவி, அறுந்த இழையை முடிபோட வேண்டும். வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும் என்பதால் தெருவே வந்து கைகொடுக்கும். வந்தவர்களுக்கு வீட்டுக்காரர் சோறு போட வேண்டும். எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. பாவு நாளில் ஒரே அடுப்புதான் எரியலாம், இரண்டு எரிந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும் என்பார்கள். உலை வைக்க வேண்டியது மூத்த மருமகள்.

ஆகவே அன்று நான் என் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கொல்லையில் செங்கல் கூட்டி அண்டாவை ஏற்றினேன். அரிசி என்னுடையது. கைகொடுக்க வந்தவர்களுக்கு ரேஷன் அரிசியைப் போட மனசு வரவில்லை. தார் சுற்றின கூலியில் பொன்னி வாங்கி வைத்திருந்தேன். பருப்பு, புளி, காய் எல்லாம் அப்படித்தான். கொழுந்தன் “அண்ணி பாத்துப்பாங்க” என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போயிருந்தான்.

பாவு தெருவை அடைத்திருந்ததால் ஆர்.ஐ. அம்மா வண்டியைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு நடந்து வந்தார். வெளி மாவட்டத்துக்காரர், பேச்சில் தெரிந்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய் அடுப்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். அடுப்பு சில்லென்று இருந்தது. மேலே ஒரு நூல் மூட்டை சாய்ந்திருந்தது.

“இதுல சமைக்கிற மாதிரி தெரியலையேம்மா?”

“இன்னிக்கு பாவு நாளுங்கம்மா. ரெண்டு அடுப்பு ஏத்தக் கூடாது. மத்த நாள்லாம் இதுலதான் செஞ்சிக்கினு இருக்கறேன்.”

அவர் முகத்தில் நம்பிக்கையும் இல்லை, நம்பாமையும் இல்லை. தினம் நூறு கதை கேட்கிற முகம். “வீட்டுல வேற யாரு இருக்காங்க?” என்று வாசலுக்கு வந்தார். அங்கே முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. கொழுந்தன் நடுவில், இலைமேல் குனிந்து என் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“நீங்கதான் இவங்க கொழுந்தனா? இவங்களுக்கு ஆதரவு யாரும் இல்லைன்னு எழுதியிருக்காங்க. யார் பாத்துக்கறது?”

ஒரே வரி போதும். ‘தனியாத்தான் சமைச்சிக்கறாங்க’ என்று சொன்னால் முடிந்தது. யோசனை அவனுடையது, தலைவி பெயரைக் கேட்டு வாங்கியதும் அவன். அவன் பந்தியை ஒரு சுற்றுப் பார்த்தான். எல்லாரும் சங்கத்தில் ஓட்டு உள்ளவர்கள். எச்சில் கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கினான்.

“இன்னா மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க அண்ணி எனக்கு அம்மா மாதிரி. நான் உசுரோட இருக்கசொல்ல எங்க அண்ணிக்கு ஆதரவு இல்லன்னு யாரு சொல்றது? நான் சோறு போடறேன் மேடம்!”

வாயில் என் சோறு. அதை மென்றுகொண்டே சொன்னான்.

பந்தியில் ஒரு பெரியவர் “இந்தக் காலத்துல யாருப்பா இப்படி இருக்கறாங்க?” என்றார். இன்னொருவர் தலையை ஆட்டினார். ஆர்.ஐ. அம்மா என் பக்கம் திரும்பினார். “என்னம்மா, தம்பி சொல்றது சரிதானே?” நான் கொழுந்தனைப் பார்த்தேன். அவன் சாம்பார் கேட்டான். “அவரு பாக்கறது இல்லீங்கம்மா” என்று சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். உடனே ஓரகத்தி என் தோளைத் தொட்டு, “அண்ணன் போனதுலேந்து இப்படித்தான் மேடம், மனசு வெறுத்துப் பேசுவாங்க” என்றாள். பந்தி ‘உச்’ கொட்டியது. எனக்காக இல்லை, என்னை வைத்துக் காப்பாற்றுகிற அவர்கள் இரண்டு பேருக்காக.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. காரணம்: ஆதரவு உள்ளது.

அன்று தறியருகே போய் நின்றேன். “ஏம்பா, இப்படி பண்ணிட்டியே?” என்று கேட்டேன். அவன் மிதியை நிறுத்தவில்லை.

“அத்தினி பேரு எதிர்ல, எங்க அண்ணி அநாதைன்னு நான் என் வாயால சொல்லணுமா? இன்னொருவாட்டி எழுதிப் போடலாம் அண்ணி. தேர்தல் முடியட்டும்.”

“அப்ப தலைவி பேர எனக்கு மாத்திக் குடு.”

“அதெல்லாம் அடிக்கடி மாத்துனா கார்டே கான்சல் ஆயிடும்” என்றான். உள்ளே ஓரகத்தியின் குக்கர் விசில் அடித்தது.

தேர்தலில் அவன் ஜெயித்தான். ‘அண்ணியை அம்மாவாக வைத்துக் காப்பாற்றுகிறவர்’ என்று ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் சொன்னார்களாம். ஜெயித்ததற்கு ஓரகத்தி கொடுத்த வெற்றிலை பாக்கை வாங்க வந்த ஒருத்தி அதை என்னிடமே பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் மறுபடி எழுதிப் போட்டேன். இந்த முறை அக்கம்பக்கத்தார் யாராவது வந்து சாட்சி சொன்னால் நல்லது என்று மையத்துப் பெண் சொன்னாள். எதிர்வீட்டு அம்மாவிடம் போனேன். நான் பின்கட்டில் தனியாகச் சமைப்பது அவளுக்குத் தெரியும். என்னிடம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போகிறவள்தான்.

“உன் கொழுந்தன் தங்கமாச்சே” என்றாள். “அன்னிக்கு நம்ம எல்லார் எதிர்லயும் சொல்லுச்சே. இப்ப நான் மாத்திச் சொன்னா, எங்க வூட்டுக்காரருக்கு சங்கத்துல வேல ஆவாதும்மா. தப்பா எடுத்துக்காத.”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்னும் அவளுக்குக் கறிவேப்பிலை கொடுப்பதில்லை. அவனுடைய துரோகம் ஒரு வாய்ச் சோற்று நேரத்தில் முடிந்துவிட்டது. தெருவின் துரோகம் ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு முறை நடந்தது; சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை, இரண்டாவது விண்ணப்பமும் நின்றுபோனது. உதவி செய்ய மாட்டேன் என்றுகூட யாரும் சொல்லவில்லை. எனக்கு உதவியே தேவையில்லை என்று சொன்னார்கள். எனக்கு வலித்தது அதுதான்.

மறுபடி பாவு நாள் வந்தது. முந்தின இரவே ஓரகத்தி, “அக்கா, நாளைக்கு ஆளுங்க கொஞ்சம் கூட வருவாங்க. சங்கத்து டைரக்டருங்க ரெண்டு பேரு வர்றாங்களாம்” என்றாள். அரிசி, பருப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் பேசவில்லை. காலையில் அவளும் கஞ்சி தெளிக்கத் தெருவுக்குப் போனாள். நான் குளித்து, தலை வாரி, என் அடுப்பையும் பற்றவைக்காமல், கொல்லையில் செங்கல்லும் கூட்டாமல், அறையில் உட்கார்ந்து தார் சுற்றினேன். வழக்கத்தை மீறவில்லை. இரண்டு அடுப்பு எரியக் கூடாது என்றுதானே சொன்னார்கள்?

வேலை முடிந்து எல்லாரும் கைகால் கழுவி வந்து, வாசல் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை போட்டாகிவிட்டது. கொழுந்தன் வெள்ளைச் சட்டைக்கு மாறி, விருந்தாளிகளை உட்காரவைத்துவிட்டு, “அண்ணி, சோறு எடுத்தாங்க” என்று குரல் கொடுத்தான்.

நான் என் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். வரிசையின் கடைசியில், இரண்டு இயக்குநர்களுக்கு எதிரில், சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தட்டை முன்னால் வைத்தேன்.

“இன்னா அண்ணி?”

“சோறுப்பா. எனக்குச் சோறு போடறது நீதானே? போடு.”

அவன் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தான். அண்டா கவிழ்த்துவைத்தபடியே இருந்தது. ஓரகத்தி சமையலறைக்குள் ஓடினாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. “உலை வைக்கலையா?” என்று அவன் மெதுவாகக் கேட்டான். “எங்கிட்ட ஏம்பா கேக்கற?” என்றேன். “அன்னிக்கு போட்டது யாரு அரிசின்னு இவங்களுக்கும் சொல்லேன்.” அன்று ‘இந்தக் காலத்துல யாருப்பா’ என்று கேட்ட பெரியவர் என் தட்டையும் அவன் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

கொழுந்தன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு பையில் ஓட்டல் சாம்பார் சாதப் பொட்டலங்களோடு திரும்பினான். எல்லாருக்கும் வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் என் தட்டிலும் ஒன்றை வைத்தான்.

பிரித்துச் சாப்பிட்டேன். அவன் காசில் நான் சாப்பிட்ட முதல் சோறு அது. உப்பு பற்றவில்லை.